அக்காவைப் பற்றி எழுதலாமா?

கேள்வி: எனக்கு வயது 66. இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். பதினஞ்சு பதினாறு வயதில் அப்பா, அம்மா, தம்பிகளோடு ராமானுஜம் கப்பலில் வந்து இறங்கினோம். கொஞ்ச நாள் மண்டபம் முகாம், அப்புறம் பந்தலூர். டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) கொழுந்து எடுத்தே ரிட்டயர் ஆனேன். கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிற மகள் வயிற்றுப் பேத்தி, "அம்மாயி, உங்க கதையை எழுதி வைங்க, எனக்கு வேணும்" என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் "எங்கள் வாழ்க்கை மிகவும் கஷ்டமான வாழ்க்கை" என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைதான் படிப்பு. வருஷம், தேதி சரியாக நினைவில்லை. வரும்போது அம்மா அம்மிக்குழவியை மட்டும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. இதையெல்லாம் எழுதினால் சிரிக்க மாட்டார்களா? இன்னொரு விஷயம். என் அக்கா எங்களோடு வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பையனோடு போய்விட்டாள், வேற சாதி. அப்பா தலைமுழுகிவிட்டார். அவளிடமிருந்து வந்த கடுதாசியைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டார். என் பிள்ளைகளிடம், பெரியம்மா அங்கேயே காய்ச்சலில் செத்துப் போச்சு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். இதை எழுதலாமா, வேண்டாமா?
(பெயர் வேண்டாம், பந்தலூர்)

பதில்:

அன்புள்ள அம்மா,

பெரியவர்களின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு, பதிவு செய்து, அவர்கள் குடும்பத்துக்கென்று சின்னப் புத்தகமாகத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களுக்கு எழுத வருகிறது. நோட்டில் ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை என்கிறீர்கள். எனக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதில் நான் விளங்காமல் திரும்பப் படித்த வரி ஒன்றுகூட இல்லை. எனக்கு எழுதும்போது ஒரு ஆளிடம் பேசினீர்கள். நோட்டில் எழுதும்போது யாரோ மார்க் போடப் போகிறார்கள் என்று பயந்தீர்கள். ஆகவே நோட்டின் அடுத்த பக்கத்தைப் பேத்தியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொடங்குங்கள். அஞ்சாவது வரை படித்தது போதும்.

"கஷ்டமான வாழ்க்கை" என்ற வரி ஏன் நின்றுபோனது தெரியுமா? அது முடிவு. முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அடுத்து சொல்ல என்ன இருக்கிறது? அந்த வரியைப் படிக்கும் பேத்திக்கு உங்கள்மேல் பரிதாபம் வரும், அவ்வளவுதான். அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

குழவி அப்படியில்லை. கடிதத்தில் அந்த இடம் வந்ததும் நான் பேனாவை எடுத்து ஓரத்தில் கேள்விகளாக எழுதத் தொடங்கிவிட்டேன். அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் ஏன் எடுத்தார்? அம்மி தூக்க முடியாத கனம் என்பதாலா, குழவி அவருடைய அம்மா கொடுத்த சீதனமா? அட்டனில் ரயிலேறித் தலைமன்னார் துறை வரை அந்தச் சாக்கை யார் சுமந்தது? சுங்கத்தில் அவிழ்க்கச் சொன்னார்களா? நகை இருக்கிறதா, பணம் இருக்கிறதா என்று தேடியவர்கள் ஒரு கருங்கல்லைப் பார்த்து என்ன சொன்னார்கள்? அப்பா திட்டினாரா? மண்டபம் முகாமில் அம்மா எதன்மேல் வைத்துச் சம்பல் அரைத்தார்? பந்தலூரில் வேறு அம்மி வாங்கினீர்களே, அதற்கு இந்தக் குழவி ஒத்து வந்ததா? இப்போது அது யார் வீட்டில் இருக்கிறது? இத்தனைக்கும் பதில் எழுதினால் பத்துப் பக்கம் வரும். அந்தப் பத்துப் பக்கத்தில் உங்கள் அம்மா யார் என்பது பேத்திக்குத் தெரிந்துவிடும், கஷ்டம் என்ற சொல்லை ஒரு தடவைகூட எழுத வேண்டியிருக்காது. சிரிப்பார்களா என்று கேட்டீர்கள். சிரித்தால் சிரிக்கட்டும், அம்மா. சிரித்தவர்கள் அடுத்த பக்கத்தையும் புரட்டுவார்கள்.

அதனால், பிறந்ததிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். உட்காரும்போது ஒரு பொருள், ஓர் ஆள், ஓர் இடம், இவற்றில் ஒன்றே ஒன்று. வரிசைப்படுத்துவதைப் பேத்தி பார்த்துக்கொள்வாள்.

என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது ஒரு படம் வரைவது. நீங்கள் பிறந்த லயத்தை, அந்த வரிசை வீட்டை, பென்சிலால் வரையுங்கள். கோணல்மாணலாக இருக்கலாம். அதில் உங்கள் காம்பரா, அதாவது உங்கள் குடும்பத்தின் அறை, எத்தனையாவது? தோட்டத்து லயக் காம்பராக்கள் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டடிதான். அதில் அடுப்பு எங்கே, சாமி படம் எங்கே, கொழுந்துக் கூடையும் இடுப்பில் கட்டும் படங்கும் எங்கே தொங்கின, யார் எந்த மூலையில் படுத்தார்கள்? இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) யார்? பக்கத்துக் காம்பராவில் யார் குடும்பம், அதற்கு அடுத்ததில் யார்? தண்ணீர்ப் பீலிக்கு எந்தப் பக்கம் இறங்க வேண்டும்? குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா எங்கே, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களம் எவ்வளவு தூரம், கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எங்கே நிற்பார்? ஒவ்வொரு காம்பராவுக்கும் பெயர் எழுதிக்கொண்டே போனால், மறந்துபோனதாக நீங்கள் நினைத்திருக்கும் ஆட்கள் வெளியே வருவார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள்.

விடியற்காலையில் உங்களை எழுப்பியது தப்பு மேளமா, சங்கா? நீங்கள் வேலைக்குப் பேர் பதிந்தது எந்த வயதில், முதல் நாள் எந்த நம்பர் மலை? அரைநாள் கூலிதான் என்று அரைப்பேர் போட்ட நாளில் வீட்டில் என்ன நடந்தது? மாசி மாதம் காமன் கூத்தில் ரதியாக ஆடியது யார்? பஞ்சம் வந்த 1973, 74இல் மாவுக்கும் பாணுக்கும் (ரொட்டிக்கும்) வரிசையில் நின்றது நீங்களா, தம்பியா? இவற்றை எழுதுவதற்கு எந்தப் புத்தகமும் படிக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தோட்டத்து மக்களின் வரலாற்றை முழுதாக எழுதிவிட வேண்டும் என்ற ஆசை இடையில் வரும். 1948இல் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் – இதையெல்லாம் பேத்தி எந்த நூலகத்திலும் எடுத்துக்கொள்வாள். நீங்கள் எழுத வேண்டியது, அந்தச் செய்தி உங்கள் லயத்துக்கு எப்படி வந்தது என்பதை. இந்தியாவுக்கா, இங்கேயா என்று அப்பா யாரிடம் யோசனை கேட்டார்? அம்மாவிடம் கேட்டாரா? அதை எழுத உங்களையும் தம்பிகளையும் விட்டால் வேறு ஆள் கிடையாது.

தேதி நினைவில்லை என்பதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கெல்லாம் வருஷம் நினைவிருக்காது, அதன் பக்கத்தில் நடந்தது நினைவிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் வருஷம் வந்துவிடும். 1971 ஏப்ரலில் இலங்கையில் கிளர்ச்சி நடந்து ஊரடங்கு போட்டார்களே, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்களா? 1972இல் சிலோன் என்ற பெயர் மாறியபோது? 1975இல் இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள், அப்போது தோட்டத்திலா, முகாமிலா, பந்தலூரிலா? 1977இல் எம்.ஜி.ஆர். முதல்வரானபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? இப்படி இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வாருங்கள்.

இதைவிட நிச்சயமான வழி உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கலாம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் கரையிறங்கிய நாள் முத்திரையாக இருக்கும். தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை (ரேஷன் கார்டு அல்ல), முகாமில் கொடுத்த காகிதங்கள், டான்டீ வேலைச் சீட்டு, அப்பாவின் சேமலாப நிதி (பி.எஃப்.) கணக்கு என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். உங்களிடம் இல்லையென்றால் தம்பிகளிடம் கேளுங்கள்.

நினைவும் காகிதமும் ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்கள் வரும். வந்தால் பதற வேண்டாம். "நாங்க தனுஷ்கோடியில்தான் வந்து இறங்கினோம்" என்று அடித்துச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டது. அதற்குப் பிறகு கப்பல் வந்தது ராமேஸ்வரத்துக்கு. எழுபதுகளில் வந்தவர் அங்கே இறங்கியிருக்க முடியாது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தாத்தா அந்த வழியாகப் போன கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, அது அவர் கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிட்டது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அதனால் எழுதும்போது மூன்று விதமாகப் பிரித்துச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததை "பார்த்தேன்" என்றும், அம்மா சொல்லிக் கேட்டதை "அம்மா சொல்லுவாங்க" என்றும், நீங்களாக யூகிப்பதை "அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றும் எழுதுங்கள். மறந்ததை "மறந்துபோச்சு" என்றே எழுதிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால், உங்கள் நோட்டை எத்தனை வருஷம் கழித்து எடுத்துப் படிக்கிறவர்களும் அதை நம்புவார்கள். நான் இந்தத் தொழிலில் எதையாவது பிடிவாதமாகச் சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன். அக்கா விஷயத்திலும் இதுதான் உங்களுக்குக் கைகொடுக்கப் போகிறது.

அதற்கு முன், மொழி. கை வலித்தால் எழுத வேண்டாம், பேசுங்கள். பேத்தியின் செல்போனில் பதிவு செய்துகொள்ளலாம். அரை மணி நேரம் போதும். விசிறியை நிறுத்திவிட்டு, டிவி இல்லாத அறையில் உட்காருங்கள். பிறகு அவள் அதைக் கேட்டு எழுதட்டும். செல்போனே பேச்சை எழுத்தாக்கித் தரும் வசதி தமிழுக்கும் வந்துவிட்டது. ஆனால் மடுவம், படங்கு, கவ்வாத்து, பீலி போன்ற சொற்கள் வந்தால் அது தனக்குத் தெரிந்த வேறு சொல்லைப் போட்டுவிடும். பேத்தி ஒலியைக் கேட்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும். அவளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: "அம்மாயி சொன்னதை அப்படியே போடு, பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றாதே." தோட்டத்துச் சொல்லுக்கு விளக்கம் வேண்டுமென்றால் கீழே சின்னதாக எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் பேசுகிற தமிழ் உங்கள் அம்மா பேசியது. அதைத் திருத்தினால் அம்மாவின் குரல் போய்விடும்.

இனி அக்கா.

எழுதலாம். எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் முதலில் எழுதக் கூடாது. முதலில் பேச வேண்டும், அதுவும் பேத்தியிடம் அல்ல, உங்கள் மகளிடம். மகன் இருந்தால் அவரிடமும். பெரியம்மா செத்துப்போனார் என்று நம்பி வளர்ந்தவர்கள் அவர்கள். அது அப்படியில்லை என்பதை, தன் மகள் கையிலுள்ள நோட்டைப் படித்து உங்கள் மகள் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். அந்தக் கோபம் அக்காவின் மேலோ தாத்தாவின் மேலோ போகாது. உங்கள்மேல் வரும், நோட்டின்மேல் வரும். எழுதியதை அறுபது, எழுபது வயதில் கிழித்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் இப்படிப்பட்ட சண்டையால்தான். நல்ல நாள் பெரிய நாளில் எல்லோரும் கூடியிருக்கும்போதும் வேண்டாம். மகளும் நீங்களும் மட்டும் இருக்கும் ஒரு பகல் வேளையில், "உன்கிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டோம்மா" என்று ஆரம்பியுங்கள். மறைத்தது அப்பாவின் முடிவு, அப்போது உங்களுக்கு எதிர்த்துப் பேசும் வயசில்லை என்பதையும் சொல்லுங்கள். பிறகு உங்கள் பிள்ளைகளிடமும் அதையே தொடர்ந்தது உங்கள் முடிவு. அதையும் விடாமல் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் சொல்வதில் கனம் இருக்கும்.

மகள் வேண்டாம் என்றால்? கொஞ்ச காலம் பொறுக்கலாம். ஆனால் எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை. அந்தப் பகுதியைத் தனி நோட்டில் எழுதுங்கள். உறையில் போட்டு ஒட்டி, மேலே யார், எப்போது பிரிக்கலாம் என்று எழுதி வையுங்கள். எழுதுவது ஒரு முடிவு, யாருக்குக் காட்டுவது என்பது வேறு முடிவு. இரண்டையும் ஒரே நாளில் எடுக்கப் போய்த்தான் பலர் எழுதாமலே இருந்துவிடுகிறார்கள்.

எப்படி எழுதுவது? மேலே சொன்ன அதே வழிதான், இங்கே இன்னும் கறாராக. கடுதாசி வந்தது; அப்பா பிரிக்கவில்லை; அடுப்பில் போட்டார்; அம்மா எங்கே நின்றார், என்ன செய்தார். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "அப்பாவுக்கு ஈரமே இல்லை" என்று எழுத வேண்டாம். "அப்பா நல்லதுக்குத்தான் செய்தார்" என்றும் எழுத வேண்டாம். உங்களுக்கு அவர் அப்பா. பேத்திக்கு அவர் நீங்கள் எழுதும் நாலு பக்கம் மட்டும்தான். அந்த நாலு பக்கத்தில் கடுதாசியை எரித்தவரும் இருக்கட்டும், அந்நிய ஊரில் நாலு பிள்ளைகளுக்குச் சோறு போட மழையில் நின்று வேலை பார்த்தவரும் இருக்கட்டும். ஒருவரைக் காட்டி மற்றவரை மறைக்காதீர்கள். அக்கா ஏன் போனார், சந்தோஷமாக இருந்தாரா, உங்களையெல்லாம் நினைத்தாரா என்பதை நீங்கள் எழுத முடியாது. அது அவர் சொல்ல வேண்டியது.

சாதியை எழுதலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்த இடத்தில் பேனா தயங்கியிருப்பது தெரிகிறது. காரணம் சாதிதான் என்றால் அதை எழுதத்தான் வேண்டும். "ஏதோ மனஸ்தாபம்" என்று பூசி மெழுகினால் பேத்திக்கு ஒன்றும் புரியாது. அவள் நாளைக்குத் தன் கல்யாணப் பேச்சில் இதே சுவரில் முட்டிக்கொள்ளும்போது, இந்த வீட்டில் இது ஏற்கெனவே ஒரு பெண்ணைப் பறித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதும்போது உங்கள் வீட்டுப் பக்கத்தை முழுதாக எழுதுங்கள், உங்கள் ஆட்கள் என்ன பேசினார்கள் என்பதை ஒளிக்காமல். அந்தப் பையனின் பெயரும் அவர் குடும்பத்தின் அடையாளமும் மட்டும் வேண்டாம். அவர்களைக் கேட்காமல் அவர்களை எழுதும் உரிமை நமக்கில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். அப்பா இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்ட காலத்தில் அக்கா சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார். அப்படியானால் குடும்ப அட்டையில் அவர் பெயரும் இருந்திருக்கலாம். அட்டை கிடைத்தால் அந்த வரியைப் பாருங்கள். பெயர் இருக்கிறதா, அடித்திருக்கிறதா, வயது என்ன போட்டிருக்கிறது? அக்காவைப் பற்றிக் கையில் கிடைக்கக்கூடிய ஒரே எழுத்துச் சான்று அதுவாக இருக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. பழைய அட்டை, பாஸ்போர்ட், போட்டோ எதையும் லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது, காகிதமும் கெட்டுவிடும். ஜன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போட்டோவின் பின்னால் யார் யார் என்று மென்மையான பென்சிலில் எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் அழுந்தித் தெரியும். ஒலிப்பதிவுகள் பேத்தியின் செல்போனில் மட்டும் இருந்தால் போதாது, மகள் வீட்டிலும் தம்பி வீட்டிலும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். வீட்டுக்கு வெளியேயும் ஒரு பிரதி இருக்கலாம் என்று பின்னால் தோன்றினால், இலங்கைத் தமிழர் ஆவணங்களை எண்ணிம (டிஜிட்டல்) வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் கேட்கலாம். அக்கா பகுதியை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. "அக்கா இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாது" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தது நன்றாகவே படிக்க முடிகிறது. ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகும் குடியுரிமை இல்லாமல் அங்கே தங்கிவிட்ட தோட்டத்து மக்களுக்கு 2003இல் இலங்கை சட்டம் இயற்றிக் குடியுரிமை கொடுத்தது. அக்கா உயிரோடு இருந்தால் இன்று அந்த நாட்டுக் குடியாக, வாக்காளர் பட்டியலில் பெயரோடு இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பல தோட்டங்களின் பெயரில் முகநூல் பக்கங்களும் வாட்ஸாப் குழுக்களும் இருக்கின்றன. தேடுவது பேத்திக்குக் கஷ்டமில்லை. மகளிடம் பேசிய பிறகு, அவர்கள் சம்மதித்தால், இவற்றை ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுங்கள்: உங்கள் தோட்டத்தின் பெயர், டிவிஷன், கங்காணியின் பெயர், அக்கா போன பக்கத்துத் தோட்டத்தின் பெயர், அங்கே இருந்த கோவில், அக்காவின் முழுப்பெயரும் வீட்டில் கூப்பிட்ட பெயரும். வீட்டுப் பெயரை மறக்காமல் எழுதுங்கள். தோட்டத்தில் பலரை அந்தப் பெயரில்தான் தெரியும்.